எக்ஸ்சேஞ்ச் அத்தையின் ஜெபம்

சனிக்கிழமை மாலை நாலு மணி இருபது நிமிடம். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், ஜெபத்தின் நடுவில் நான் கண்ணைத் திறந்துவிட்டதுதான். முதலில் கண்ணில் பட்டது சுவர்க் கடிகாரம். அதற்குக் கீழே அத்தை நின்றுகொண்டிருந்தார். முந்தானையைத் தலையில் போட்டு, கண்களை இறுக மூடி, இரண்டு கைகளையும் விரித்து, நல்ல அச்சுத் தமிழில் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தேவரீர் அறிவீர், ஆண்டவரே. இந்தப் பெண்பிள்ளை அங்குள்ள பள்ளிக்கூடத்தின் பரீட்சையில் தேறவில்லை. எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளையை மறுபடியும் எட்டாம் வகுப்பிலேயே வைக்கப் போகிறார்கள். சொந்தத் தம்பியோடு ஒரே வகுப்பில் உட்காரப் போகிற இந்தப் பிள்ளைக்கு, அந்த வெட்கத்தைத் தாங்கும் பெலனைத் தாரும்.”

கூடத்தில் பதினைந்து பேர் தலை குனிந்து இருந்தார்கள். பாயில் இரண்டாவது வரிசையில் என் மகள் இருந்தாள். அவளும் கண்ணைத் திறந்திருந்தாள். அத்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முன்வரிசையில் இருந்த எங்கள் சபை உபதேசியார் ஐயா இரண்டு தடவை பலமாக இருமினார். அத்தை நிறுத்தவில்லை. எங்கள் விமானத்துக்கும், அந்த நாட்டு வெயிலுக்கும், எனக்கு அங்கே ஒரு வேலை கிடைப்பதற்கும் ஜெபித்துவிட்டுத்தான் முடித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன்.

அது எங்களை வழியனுப்பும் ஜெபம். வியாழக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட்டுக்கு விமானம். என் மனைவி நர்ஸ். பதினொரு மாதத்துக்கு முன்பே அங்கே ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஒரு அறையில் மூன்று பெண்களோடு படுத்துக்கொண்டு, குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதி வாங்கி, இரண்டு படுக்கையறை உள்ள வீடு பார்த்து, பிள்ளைகளுக்குக் கட்டில் வாங்கிப் போட்டு, கட்டிலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நான் தனியார் கல்லூரி ஒன்றில் பார்த்த எழுத்தர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளின் டி.சி.யும் வாங்கியாயிற்று. நாலு பேரும் ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் முழுக்க நாங்கள் வேறு எதையும் பேசவில்லை.

மூத்தவள் தமிழ் வழியில் படித்தவள். அவள் அம்மா படித்த பழைய மிஷன் பள்ளிக்கூடம். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். அவளுக்கு ஒரு வயது இளையவனை ஆங்கில வழியில் போட்டோம். மஸ்கட்டில் உள்ள இந்தியப் பள்ளிக்கூடம் இருவருக்கும் கம்ப்யூட்டர் வழியாகப் பரீட்சை வைத்தது. இளையவன் எட்டாம் வகுப்புக்குத் தேறினான். மூத்தவள் ஒன்பதாம் வகுப்புக்குத் தேறவில்லை. “எட்டில் சேர்த்துக்கொள்கிறோம்” என்று கடிதம் வந்தது. அவள் கேட்டபோதெல்லாம் “இன்னும் ரிசல்ட் வரலம்மா, ஒம்பதுலதான் போடுவாக” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவை எல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அத்தை இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. செய்தி வாட்ஸப்பில் வந்தது. கும்பிடும் கைகளையும் பூவையும் எல்லாரும் போட்டிருந்தார்கள். நான் எதுவும் போடவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதாக எழுதுவதுதான் வழக்கம். என்னால் முடிகிற அளவுக்கு எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் தெருவுக்கே எக்ஸ்சேஞ்ச் அத்தை. கஞ்சி போட்ட வெளிர்நிறப் புடவை, கறுப்புக் குடை, ஒரு கையில் மட்டும் ஒற்றை வளையல். வீட்டுக்குள் வரும்போது “தோத்திரம்” என்பார். உட்காரச் சொன்னால் நாற்காலியின் முன் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக இருப்பவர் போல உட்காருவார்.

கண்ணைத் திறந்திருக்கும்போது அவரைப் போல ஒரு சாது கிடையாது. வெயில், தண்ணீர் வரும் நேரம், மீன். இந்த மூன்றையும் தாண்டி அவர் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் குறை சொல்ல மாட்டார். யார் வீட்டுக் கதையைச் சொன்னாலும் “அப்படியாய்யா” என்று கேட்டுக்கொண்டு, “உவரி மீன்காரி இன்னைக்கு வந்தாளா?” என்று வேறு பக்கம் போய்விடுவார். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியும் வாங்காத மாதிரி இருந்து பழகிய உத்தியோகம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

ஆனால் அவர் கண்ணை மூடினால் போதும், தெரு நடுங்கும்.

எங்கள் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்தபோது எனக்கு அவரைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. “ஆண்டவரே, தன் நகையையெல்லாம் இந்தச் சுவர்களில் வைத்துப் பூசியிருக்கிற உம்முடைய மகளுக்கு நீரே ஆபரணமாயிரும். புதுச்சுவரில் தென்புறம் இப்போதே வெடிப்பு ஓடியிருக்கிறதே, கொத்தனாருக்கு நல்ல மனசாட்சியைத் தாரும்” என்று ஜெபித்தார். கொத்தனார் வாசலில்தான் நின்றார். அவர் ஆமென் சொல்ல வேண்டியதாயிற்று. ஆமென் சொன்னவர் திங்கட்கிழமை வந்து வெடிப்பைப் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். என் மனைவி ரெண்டு நாள் சிரித்தாள். “நாலு தடவ போன் போட்டு வராத ஆளு. அத்தை ஒரு ஜெபத்துல வரவச்சிட்டாங்க, பாத்தியளா?” என்றாள். நகையை விற்று வீடு கட்டிய விஷயம் எப்படி அத்தைக்குத் தெரியும் என்று கேட்டேன். அவளுக்கு முகம் மாறியது. “ஜெபத்தில வச்சுக்கிடுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம் இது. வீட்டு ரகசியத்தை அடுத்த வீட்டில் சொன்னால் அது புறணி. கடைசியில் “ஜெபத்தில வச்சுக்கிடுங்க” என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அது விண்ணப்பம். புருஷன் குடி, பிள்ளையின் காதல், கர்ப்பம் தங்காதது எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வெளியே போகும். மற்றவர்கள் அதைத் தங்கள் வீட்டு அறைக்குள் முழங்கால் போட்டு ஜெபிப்பார்கள், அல்லது மறந்துவிடுவார்கள். அத்தை அதை மறக்கவே மாட்டார். யாரைப் பற்றிய விண்ணப்பமோ, அவர் கூட்டத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து, அவர் முன்னாலேயே ஆண்டவரிடம் எடுத்துச் சொல்வார். ஜெபத்தின் குறுக்கே யாரும் பேச முடியாது. இல்லை என்று மறுக்க முடியாது. எழுந்து போகவும் முடியாது. முடிந்ததும், நம்மீது சுமத்தியதற்கு நாமே ஆமென் சொல்ல வேண்டும்.

அதனால் ஒரு நன்மையும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். கோடித் தெருவில் ஒருவர் மனைவியை அடிப்பார். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. பிள்ளையின் பிறந்தநாள் ஜெபத்தில், அந்தப் பெண்ணின் அண்ணன்மார் மூன்று பேரும் கேக்குக்குப் பக்கத்தில் நிற்க, அத்தை தொடங்கினார். “இந்தச் சகோதரியின் இடது தோளில் இருக்கிற வீக்கத்தை ஆற்றும் ஆண்டவரே. அடிக்கிற கையைக் கட்டும்.” அண்ணன்மார் அன்றைக்கே தங்கையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் கெஞ்சிக் கூட்டி வந்தார். பிறகு அடித்ததாகக் கேள்வி இல்லை. ஆனால் அத்தை தெருவில் வந்தால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார்.

கூப்பிட்டால் ஜெபித்துவிடுவாரே என்று பயம். கூப்பிடாவிட்டால் நம்மைப் பற்றி வேறு வீட்டில் ஜெபிப்பாரே என்று அதைவிடப் பயம். எனவே எல்லாரும் கூப்பிட்டார்கள்.

நான் வேலையை விட்ட வாரம் ஆலயத்தில் ஆண்கள் பெண்கள் எல்லாரும் கூடிய ஜெபத்தில் அத்தை எனக்காக மன்றாடினார். “மனைவியின் சம்பாத்தியத்தில் சாப்பிடப் போகிற உம்முடைய மகனுக்குத் தாழ்மையைத் தாரும்.” வெளியே வந்தபோது பழைய சிநேகிதன் ஒருவன் தோளில் கை போட்டான். “என்ன வே, தாழ்மை வந்துட்டா? இல்ல, மஸ்கட் போய்த்தான் வருமா?” என்றான். சிரித்துவிட்டு வந்தேன். வீட்டில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இத்தனையும் தெரிந்த நான் அவரிடம் போய் என் மகளின் விஷயத்தைச் சொன்னேன். இதைத்தான் எனக்கு விளங்கிக்கொள்ள முடியவில்லை.

கடிதம் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. மனைவி தினமும் போனில் கேட்டாள். “சொல்லிட்டியளா?” “சொல்லுதேன்.” “நான் சொல்லட்டா?” “வேண்டாம், நான் பக்கத்துல இருக்கேன், நானே பைய சொல்லிக்கிடுதேன்.” மகள் அப்போது புது வகுப்புக்கென்று ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எங்கோ இரவல் வாங்கி வந்து, அகராதி வைத்துக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் அர்த்தம் எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். காலை பத்து மணி இருக்கும். அத்தை வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்னய்யா, மொகம் வாடிக் கெடக்கு?”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். “அவளுக்கு இன்னும் தெரியாது அத்தை. அங்கன போனப்பெறவு, பள்ளிக்கூடத்தப் பாத்து, புது யூனிபார்ம் எல்லாம் போட்டப்பெறவு சொன்னா ஏத்துக்கிடுவா. இப்பச் சொன்னா வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிப்பா. ஜெபத்தில வச்சுக்கிடுங்க.”

அத்தை மீன் செதிலைக் கையிலிருந்து வழித்துப் போட்டார். நான் சொன்னது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

“ஆகட்டும்யா. சாளை நல்லாருக்கு. பிள்ளையளுக்கு ரெண்டு கொண்டுபோறியா?”

யாராவது ஒருவர், நீ செய்வது சரிதான் என்று சொல்ல வேண்டும் என்றுதான் அன்றைக்குப் போனேன் என்று நினைக்கிறேன். மீனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை, ஆமென் சொன்ன பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மஸ்கட்டில் வெயில் எப்படி, தேங்காய் கிடைக்குமா என்று கேட்டார்கள். நான் முந்திரிக்கொத்தும் மிக்சரும் தட்டுகளில் வைத்தேன். அத்தை காபி வேண்டாம் என்று குடையை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் கிளம்பிவிட்டார். மகள் அடுக்களையில் தம்ளர் கழுவுகிறாள் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குத்தான் அடுக்களையில் அவள் இல்லை என்று பார்த்தேன்.

இளையவன் பின்கதவுப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

“சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாப்பா. எங்கன போறன்னு கேட்டேன். ‘ஒனக்கு முன்னாலயே தெரியும்லாலே’ன்னா. சத்தியமா எனக்குத் தெரியாதுன்னேன். அவ நம்பலப்பா.”

போன் மேசை மேலேயே கிடந்தது. அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் வீட்டுக்குப் போனேன். இல்லை. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. ஆலயத்தில் மறுநாள் ஆராதனைக்குப் பெருக்கிக்கொண்டிருந்தவர் பார்க்கவில்லை என்றார். உபதேசியார் தன் ஸ்கூட்டரில் பேருந்து நிலையத்துக்குப் போனார். நான் ஆட்டோ பிடித்து ஆற்றுப் பக்கம் போகச் சொன்னேன். ஏன் ஆறு என்று ஆட்டோக்காரர் கேட்கவில்லை. என் முகத்தைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார்.

மே மாதம். தாமிரபரணியில் பல இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. பாலத்துக்குக் கீழே துணி வெளுப்பவர்களிடம் கேட்டேன். குளித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். “பச்சைத் துப்பட்டா, சைக்கிள், பதிமூணு வயசு.” ஒருவர் சோப்பு நுரையோடு நின்று, “பாக்கலயே அண்ணாச்சி. வீட்ல எதும் சத்தமா?” என்றார். நான் கரையோரமாக நடந்தேன். ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஆண்கள் ஓட்டும் சைக்கிள். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இன்றைக்கும், இங்கே மஸ்கட்டின் கடலோர நடைபாதையில் போகும்போது, சாய்ந்து கிடக்கும் சைக்கிளைக் கண்டால் கிட்டே போய்ப் பார்த்துவிடுகிறேன்.

அப்போது மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை முடிந்திருக்கும். நான் எடுக்கவில்லை.

தெருவுக்குத் திரும்பியபோது ஆறு மணி தாண்டிவிட்டது. வெளிச்சம் இருந்தது. என் வீட்டுக்குப் போகாமல் அத்தை வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கழற்றாத கஞ்சிப் புடவையோடு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“பிள்ள வந்துட்டாளாய்யா?”

“வரல. ஆத்துல தேடிட்டு வாரேன். சந்தோஷமா?”

எழுந்து நின்றார்.

“ஒங்ககிட்ட நான் என்ன சொன்னேன்? அவளுக்குத் தெரியாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“ஆண்டவர்ட்டதானய்யா சொன்னேன்.”

“ஆண்டவருக்கு என்ன காது கேக்காதா? பதினஞ்சு பேரு கேக்கும்படியாத்தான் சொல்லணுமா? ஒங்களுக்குப் புருஷனா, பிள்ளையா? அடுத்த வீட்டுப் பிள்ள எக்கேடு கெட்டா என்ன? இருவது வருஷமா இந்தத் தெருவுல ஒரு வீடு மிச்சம் வச்சியளா நீங்க?”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். சொல்லக் கூடாத சிலவற்றையும் சொன்னேன்; அவற்றை இங்கே எழுத மாட்டேன். அத்தை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். உதடு முணுமுணுக்கத் தொடங்கியது.

“கண்ணத் தொறங்க! சொல்லுததை என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!”

திறந்தார். புரை உரித்த கண்கள், ஓரத்தில் நீர் கட்டியிருந்தது. அத்தனை வருஷத்தில் அந்தக் கண்களை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்ததும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“மொகத்தப் பாத்தா எனக்கு வாய் வராதுய்யா,” என்றார். “சின்னப் பிள்ளையிலருந்தே வராது.” கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்க்கப் போன கண்ணை மறுபடி என் மீது கொண்டுவந்து, “நீ சொல்ல மாட்டன்னு எனக்குத் தெரியும். பிளேன்ல ஏறுதுக்கு முன்ன அதுக்குத் தெரியணும்லா?” என்றார்.

நேருக்கு நேராக அவர் யாரிடமாவது சொன்ன ஒரே குற்றச்சாட்டு அதுவாகத்தான் இருக்கும். “இனிமே எங்க வீட்டு நடையில கால் வைக்காதிய. எங்க யார் பேரையும் ஒங்க வாயால எடுக்காதிய. ஜெபத்துலகூட எடுக்காதிய,” என்றேன். அவர் அப்படியே நடந்துகொண்டார். வியாழக்கிழமை தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. அவர் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அப்படிக் கத்திவிட்டுத் திரும்பியபோது, அத்தை வீட்டு வெளிக்கேட்டில் சைக்கிளைப் பிடித்தபடி என் மகள் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தாள். முகம் கழுவி, தலை வாரியிருந்தது. யாரோ வாரிவிட்ட தலை. நான் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுக்கவில்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை.

“எங்கம்மா போன? எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?”

“கிளாஸ் டீச்சர் வீட்டுக்கு.”

“சொல்லிட்டுப் போகப்படாதா? ஆத்துல போயித் தேடிட்டு வாரேன்.”

“டீச்சர் ஹெச்.எம்.முக்குப் போன் போட்டுக் கேட்டாங்க,” என்றாள். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல, ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னாள். “டி.சி.யத் திருப்பிக் கொடுத்தா ஒம்பதுல சேத்துக்கிடுவாங்களாம். ஹாஸ்டல்ல எடம் இருக்காம். லீவுக்கு நீங்க வரும்போது வீட்டுக்கு வந்துக்கிடுதேன்.”

“எட்டி, என்ன பேச்சு பேசுத? விசா அடிச்சாச்சு, டிக்கெட் போட்டாச்சு. அம்மா ஒனக்குக் கட்டில் வாங்கிப் போட்டுட்டு ஒக்காந்திருக்கா.”

என் சட்டைப் பையில் போன் மறுபடியும் அடித்தது. யார் என்று அவளுக்கும் தெரியும். அடித்து ஓயும்வரை இருவரும் நின்றோம். பிறகு அவள் சைக்கிளைத் திருப்பி எங்கள் வீட்டுப் பக்கம் இரண்டடி தள்ளிக்கொண்டு போய், நின்று, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

“நான் வரலப்பா. அம்மாட்ட இதையாவது நீங்களே சொல்லிருங்க.”